பம்ப்பை இறக்குவதற்கு முன்னால்: பழைய லாரியில் டீசல் எங்கே நிற்கிறது?

“அண்ணா, வண்டி இழுக்க மாட்டேங்குது. டீசல் பம்ப் போயிருச்சின்றாங்க. இறக்கிடலாமா?”

எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும். நான் திருப்பிக் கேட்பதும் மாறாது: “டேங்க் மூடியத் தொறந்து பாத்தியா?”

மணலி எக்ஸ்பிரஸ் ரோட்டில், சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் பக்கம் ஷெட் வைத்திருக்கிறேன். 29 வருஷமாக லாரி இன்ஜின் வேலை. துறைமுகத்துக்குக் கன்டெய்னர் இழுக்கும் டிரெய்லர், மணலியில் லோடு எடுக்கும் டேங்கர், செங்குன்றம் அரிசி ஆலைகளுக்கு நெல் மூட்டை கொண்டுவரும் பழைய வண்டி எல்லாம் வரும். பம்ப்பை இறக்கி, பம்ப் கடையில் கொடுத்து, கேலிபரேஷன் (டீசல் அளவைச் சரிசெய்வது) முடித்து, திரும்ப மாட்டி டைமிங் வைப்பதற்குள் ஓனருக்கு ஆயிரக்கணக்கில் செலவாகும். வண்டி மூன்று நாள் நிற்கும், டிரைவருக்கு மூன்று நாள் பேட்டா போகும். இத்தனையும் ஆன பிறகு, குறை ஒரு காப்பர் வாஷரில்தான் இருந்தது என்று தெரிந்தால் வயிறு எரியும். பல பேருக்கு அப்படி எரிந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் சொல்வதெல்லாம் ஆறு எலிமென்ட் (சிலிண்டருக்கு ஒன்றாக டீசலை அழுத்தி அனுப்பும் சின்ன பிஸ்டன்) வரிசையாக நிற்கும் இன்லைன் பம்ப் வண்டிகளுக்கு. லேலண்டின் ஹினோ இன்ஜின், டாட்டா 697, அதற்கும் முந்தைய காமெட், 1210 போன்றவை. பம்ப் மேல் ‘மைகோ’ என்று இருக்கும். 1951-ல் பெங்களூரில் ஆரம்பித்த அந்தக் கம்பெனிக்கு 2008-லேயே பாஷ் என்று பெயர் மாறிவிட்டது. இன்னமும் கடையில் போய் “மைகோ எலிமென்ட் குடு” என்றுதான் கேட்போம். காமன் ரெயில் (எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே பொதுக் குழாயில் மிக அதிக அழுத்தத்தில் டீசல் நிற்கும் புது வகை) வண்டிக்காரர்கள் இதைப் பார்த்துச் செய்ய வேண்டாம். ஓடுகிற காமன் ரெயில் இன்ஜினில் டெலிவரி பைப்பைத் தளர்த்தினால் உயிருக்கே ஆபத்து.

எனக்கு இந்த வேலையின் அடிப்படையைச் சொல்லிக்கொடுத்தது எதிர் வீட்டு மாமா. கத்திவாக்கத்தில் நாங்கள் இருந்த தெருவில் வீட்டுக்கு வீடு லேலண்ட் கம்பெனி ஆள்தான். 1948-ல் அசோக் மோட்டார்ஸாக ஆரம்பித்து 1955-ல் அசோக் லேலண்ட் ஆன அதே எண்ணூர் ஃபேக்டரி. மாமா இன்ஜின் டெஸ்ட்டிங்கில் இருந்தவர். வண்டி நின்றுவிட்டால் எல்லாரும் பானெட்டைத் திறப்பார்கள். அவர் மட்டும் நேராக டேங்குக்குப் போவார். “டீசல் எந்த வழியில வருதோ அந்த வழியில நீயும் நடந்து வாடா” என்பார். இன்றைக்கும் நான் அப்படித்தான் நடக்கிறேன்.

வழி இதுதான். டேங்கில் ஒரு உறிஞ்சு பைப், அதன் அடியில் வலை. அங்கிருந்து சேஸிஸ் ஓரமாக இரும்பு பைப், நடுநடுவே ரப்பர் ஹோஸ். பிறகு ஃபீட் பம்ப். இது பெரிய பம்ப்பின் விலாவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பம்ப். கையால் அடிக்கும் பிரைமர் இதன் தலையில்தான் இருக்கும். அதைத் தாண்டி இரண்டு ஃபில்டர். அதற்குப் பிறகுதான் மெயின் பம்ப்பின் கேலரி, அதாவது எலிமென்ட்டுகளைச் சுற்றி டீசல் நிற்கும் அறை. கேலரிக்கு வந்த டீசலில் ஒரு பங்குதான் எலிமென்ட்டுக்குள் போய், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்கு ஏறும். மிச்சம் ஓவர்ஃப்ளோ வால்வு வழியாக டேங்குக்கே திரும்பிவிடும்.

இதில் ஒரு விஷயத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உறிஞ்சல். ஃபீட் பம்ப்புக்கு அப்பால் தள்ளல். தள்ளுகிற பக்கம் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே கசியும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சுகிற பக்கம் ஓட்டை விழுந்தால் ஒரு சொட்டுகூட வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். பைப் மேல் தூசி காய்ந்துபோய் சுத்தமாக இருக்கும். “எங்கயுமே லீக் இல்லண்ணா” என்று டிரைவர் சொல்வதும் நிஜம்தான்.

முதலில் புகை, பிறகு ஸ்பானர்

ஸ்பானரை எடுக்கும் முன் டிரைவரிடம் பேசுங்கள். காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லையா, ஓடிக்கொண்டிருக்கும்போது அடங்குகிறதா? அடங்கினால் எத்தனை நேரத்தில்? டேங்கில் எவ்வளவு டீசல் இருந்தது? கடைசியாக யார், எதைக் கழற்றினார்கள்? இந்த நாலைந்து கேள்விக்கு ஒழுங்காகப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அடுத்து சைலன்ஸரைப் பாருங்கள். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, புகையே வரவில்லை என்றால் டீசல் சிலிண்டருக்கு வந்து சேரவே இல்லை. வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு பிடிக்காமல் இருந்தால் டீசல் வருகிறது, எரியவில்லை. கம்ப்ரஷன், டைமிங், டீசலில் தண்ணீர் என்று யோசனையை வேறு பக்கம் திருப்புங்கள். லோடில் கருப்பாகக் கக்கினால் டீசலுக்குப் பஞ்சமில்லை, காற்றுக்குத்தான் பஞ்சம். ஏர் கிளீனரைக் கழற்றித் தட்டுங்கள். வண்டி இழுக்கவில்லை, புகையும் இல்லை, ஆக்சிலேட்டரை மிதித்தாலும் இன்ஜின் மந்தமாகவே இருக்கிறது என்றால்தான் டீசல் குறைகிறது என்று அர்த்தம். இந்தக் கட்டுரை முழுக்க அந்த வண்டிக்குத்தான்.

கையோடு இரண்டு சின்ன வேலை. ஒரு ஆளைக் கேபினில் உட்கார வைத்து ஆக்சிலேட்டரை முழுசாக மிதிக்கச் சொல்லி, பம்ப்பில் உள்ள லீவர் கடைசி வரை போகிறதா என்று பாருங்கள். கேபின் மேட் சுருண்டு பெடலுக்கு அடியில் கிடந்ததால் பிக்கப் இல்லாமல் போன வண்டிகள் உண்டு. அடுத்து, இன்ஜினை நிறுத்த இழுக்கும் ஸ்டாப் கேபிள். இழுத்து விட்டதும் பம்ப்பில் இருக்கும் ஸ்டாப் லீவர் முழுசாகத் திரும்ப வருகிறதா? எண்ணூர்ப் பக்கம் நிற்கும் வண்டிகளில் உப்புக் காற்றுக்குக் கேபிள் உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து லீவர் பாதியில் நின்றுவிடும். பாதி மூடிய லீவரோடு எந்த இன்ஜினும் இழுக்காது.

டேங்க்

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு டிரெய்லர். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுகத்துக்கான கன்டெய்னர் வரிசையில் நிற்கும்போது ஒரு குறையும் இருக்காது. வரிசை விட்டு ஓட ஆரம்பித்து 20, 25 நிமிஷத்தில் மெல்ல மெல்ல அடங்கிவிடும். பத்து நிமிஷம் ஓரங்கட்டினால் தானாகச் சரியாகும், மறுபடி 20 நிமிஷம். இரண்டு ஃபில்டரையும் மாற்றி, ஃபீட் பம்ப்பும் மாற்றிவிட்டு என்னிடம் வந்தார்கள்.

டேங்க் மூடி தொலைந்துபோய் மாசக்கணக்கில் ஆகியிருந்தது. வாயில் பாலிதீன் பையை இரண்டு மடிப்பாக வைத்து, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டியிருந்தார் டிரைவர். மழைத் தண்ணீர் இறங்கக்கூடாது என்று அக்கறையாகச் செய்த வேலை. ஆனால் டேங்கிலிருந்து டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். கம்பெனி மூடியில் அதற்கென்று ஊசித் துளை இருக்கும். பாலிதீனில் ஏது துளை? நான் போய்ப் பார்த்தபோது அந்தப் பை டேங்குக்குள் கிண்ணம் மாதிரி குழிந்து இறங்கியிருந்தது. டியூபை அவிழ்த்ததும் ‘உஸ்’ஸென்று காற்றை இழுத்த சத்தம் எதிர்ப்பக்கம் நின்ற கிளீனருக்கே கேட்டது. புது மூடி போட்டோம். வண்டி இன்னும் ஓடுகிறது.

உங்கள் வண்டியில் மூடி இருந்தாலும் அந்தத் துளையைப் பாருங்கள். நிலக்கரி லோடு ஓட்டும் வண்டியில் தூசி அடைத்திருக்கும். பெயின்ட் அடித்தவன் துளை மேலேயே அடித்திருப்பான். மெல்லிய கம்பியால் குத்திவிடுங்கள். ஓட்டத்தில் அடங்கும் வண்டி என்றால், அடங்கிய அந்த நிமிஷமே மூடியைத் திறந்து சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். ஆறவிட்டுத் திறந்தால் தெரியாது.

டேங்க் பாதிக்கு மேல் இருக்கும்வரை நன்றாக ஓடி, பாதிக்குக் கீழே வந்தால் தகராறு செய்யும் வண்டியில் உறிஞ்சு பைப்பை வெளியே எடுத்துப் பாருங்கள். பைப்பில் நடுவில் கீறல் இருக்கும். டீசல் அந்தக் கீறலுக்குக் கீழே இறங்கியதும் காற்று உள்ளே போக ஆரம்பிக்கும். எடுத்த கையோடு அடியில் உள்ள வலையையும் பாருங்கள். துணி நூல், கேன் மூடிக்கடியில் இருக்கும் சில்வர் பேப்பர், எம்சீல் துண்டு எல்லாம் எடுத்திருக்கிறேன். கருப்பாகக் கோழை மாதிரி வழவழவென்று வந்தால் டேங்கில் தண்ணீர் நின்றிருக்கிறது. தண்ணீரும் டீசலும் சேரும் கோட்டில் நுண்ணுயிர் வளர்ந்து அந்தக் கோழை உண்டாகிறது. வலையை மட்டும் கழுவி மாட்டினால் ஒரு மாசத்தில் திரும்ப வரும். டேங்கையே இறக்கிக் கழுவ வேண்டும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மணலியில் லாரிகள் தண்ணீரில் நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த மாசம் முழுக்க எனக்கு இதே வேலை. டேங்க் அடி ட்ரெயின் போல்ட்டைத் தளர்த்தி முதலில் வருவதை வெள்ளை பாட்டிலில் பிடியுங்கள். பத்து நிமிஷம் அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் அடியில் தனியாக நிற்கும், கோடு போட்ட மாதிரி தெரியும். தண்ணீர் இருந்தால் செல்ஃப் அடிக்கவே அடிக்காதீர்கள். எலிமென்ட்டுக்கு டீசல்தான் எண்ணெய். தண்ணீர் போனால் பிடித்துக்கொள்ளும், அப்போது நிஜமாகவே பம்ப் போகும்.

கேன் கட்டிப் பார்ப்பது

இதை மட்டும் கற்றுக்கொண்டால் போதும் என்று என் ஷெட் பையன்களிடம் சொல்வேன். சுத்தமான 5 லிட்டர் கேன் ஒன்று, இரண்டு மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் டியூப், இரண்டு கிளிப். ஃபீட் பம்ப்புக்குள் நுழையும் ஹோஸைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் டியூபை மாட்டி, வடிகட்டிய டீசல் உள்ள கேனைப் பம்ப்பைவிட உயரமாகக் கட்டுங்கள். கேன் வாயை இறுக்கி மூடிவிட வேண்டாம். ஏர் எடுத்துவிட்டு (உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்றிவிட்டு; எப்படி என்று பின்னால் சொல்கிறேன்) ஸ்டார்ட் செய்து, வண்டி நின்ற இடத்திலேயே நன்றாக ரேஸ் கொடுத்துப் பாருங்கள்.

தகராறு போய்விட்டால் குறை பின்பக்கம்: டேங்க், பைப், ஹோஸ். பம்ப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம். போகவில்லை என்றால் ஃபீட் பம்ப்பிலிருந்து முன்பக்கம். பாதி வண்டியை ஒரே வேலையில் ஒதுக்கிவிடலாம். ரிட்டர்ன் பழையபடி டேங்குக்குப் போவதால் கேன் சீக்கிரம் காலியாகும். ஒரு ஆளைக் கேனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஏர் புடித்து மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். கேனைக் கட்டிக்கொண்டு ரோட்டில் ஓட்டக் கூடாது. லோடில் மட்டும்தான் குறை தெரியும் என்றால் கேனை எடுத்துவிட்டு, தெளிவான டியூபில் ஒரு முழத் துண்டை டேங்க் ஹோஸுக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவே போட்டு, ஷெட்டில் ஓடவிட்டுப் பாருங்கள். குமிழி ஓடினால் காற்று இழுக்கிறது. குமிழியே இல்லை, டியூப் மட்டும் ஒட்டிச் சுருங்குகிறது என்றால் பின்னால் அடைப்பு.

காற்று எங்கே இழுக்கிறது என்று கண்டுபிடிக்க கிரீஸ் போதும். ஒவ்வொரு ஜாயின்ட்டாகச் சுற்றித் தடிமனாக அப்பிக்கொண்டே வாருங்கள். எந்த ஜாயின்ட்டில் அப்பியதும் குமிழி நிற்கிறதோ அங்கேதான் ஓட்டை. பெரும்பாலும், நடுத்துளை வழியாக டீசல் ஓடும் பேஞ்சோ போல்ட்டின் காப்பர் வாஷராக இருக்கும். நாலு தடவை நசுங்கிய வாஷர் கல் மாதிரி ஆகிவிடும், எவ்வளவு முறுக்கினாலும் உட்காராது. புது வாஷர் போடுங்கள். நடுரோட்டில் கிடைக்காவிட்டால் பழையதை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மெத்தென்று ஆகும், அன்றைக்கு வீடு போய்ச் சேரலாம். சேஸிஸில் பைப்பைப் பிடித்திருக்கும் கிளாம்ப்புகளையும் கழற்றிப் பாருங்கள், உப்புக் காற்று அதன் அடியில் ஒளிந்துகொண்டுதான் பைப்பைத் தின்னும்.

ரப்பர் ஹோஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெளியே பார்த்தால் புதுசு மாதிரி பளபளக்கும். ஒரு தடவை, கேன் கட்டினால் ஓடுகிறது, டேங்கில் மாட்டினால் ரேஸில் அடங்குகிறது என்று ஒரு வண்டி என்னை முக்கால் நாள் சுற்றவிட்டது. ஹோஸை வாயில் வைத்து ஊதினேன், நன்றாகக் காற்று போனது. திருப்பி உறிஞ்சினேன், பட்டென்று அடைத்துக்கொண்டது. பிளேடால் நீளவாக்கில் கீறிப் பிளந்தேன். உள்சுவர் ஒரு இடத்தில் உரிந்து, நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் நகம் அளவுதான், வெற்றிலை மாதிரி மெல்லிசு. டீசல் மெதுவாக வரும்போது நாக்கு ஓரமாக ஒதுங்கிவிடும். இன்ஜின் வேகமாக உறிஞ்சும்போது எழும்பி வழியை மூடும். அந்த ஹோஸை இன்னும் ஷெட் சுவரில் ஆணியடித்து மாட்டி வைத்திருக்கிறேன். புதுசாக வேலைக்கு வரும் பையனுக்கு முதல் பாடம் அது. ஹோஸை ஊதிப் பார்க்காதீர்கள், உறிஞ்சிப் பாருங்கள். உறிஞ்சும் முன் மண்ணெண்ணெயில் கழுவி ஈரம் போகத் துடைத்துவிடுங்கள், டீசல் வாய்க்குள் போகக் கூடாது.

பிரைமர் கையோடு பேசும்

ஃபீட் பம்ப்பின் குமிழைத் திருகி விடுவித்து மேலும் கீழும் அடிக்கும்போது கவனமாக இருங்கள். மேலே இழுக்கவே கஷ்டமாக இருக்கிறது, விட்டால் தானாகக் கீழே போகிறது என்றால் பின்னால் அடைப்பு. மேலும் கீழும் காற்றை அடிக்கிற மாதிரி லேசாக இருக்கிறது, எவ்வளவு அடித்தாலும் கனம் ஏறவில்லை என்றால் காற்று இழுக்கிறது, அல்லது ஃபீட் பம்ப் உள்ளே இருக்கும் இரண்டு வால்வில் ஒன்று தூசி மாட்டித் திறந்தே நிற்கிறது. நல்ல வண்டியில் இருபது முப்பது அடிக்குள் கைக்குக் கனம் வரும். அதன் பிறகு ஓவர்ஃப்ளோ வால்வு வழியாக டீசல் திரும்பும் மெல்லிய சத்தம் கேட்கும்.

ஃபீட் பம்ப்புக்கு முன்னால் இருக்கும் சின்னக் கிண்ணத்தையும் அதிலுள்ள வலையையும் கழற்றிக் கழுவுங்கள். இதை மறப்பவர்கள் நிறைய. மேலே இரண்டு ஃபில்டரை மாற்றியவன் இதைத் தொட்டிருக்க மாட்டான். பிரைமர் வேலை முடிந்ததும் குமிழைத் திரும்ப இறுக்கித் திருகிவிடுங்கள், இல்லையென்றால் அங்கேயே காற்று இழுக்கும். இன்ஜின் ஆயில் அளவு நாளுக்கு நாள் ஏறி, டிப் ஸ்டிக்கில் டீசல் வாசனை வந்தால் ஃபீட் பம்ப் தண்டின் சீல் கசிகிறதா என்றும் பாருங்கள். அப்படியே ஓட்டினால் பேரிங் போகும்.

ஃபில்டர் மாற்றுவதைப் பற்றி ஒன்றே ஒன்று. புது ஃபில்டரில் கேன் டீசலை ஊற்றி நிரப்பி மாட்டும் பழக்கம் எல்லா ஷெட்டிலும் இருக்கிறது. சீக்கிரம் ஸ்டார்ட் ஆகும், உண்மைதான். ஆனால் வடிகட்டாத அந்த டீசல் ஃபில்டரின் சுத்தமான பக்கத்தில் விழுந்துவிட்டால் நேராக எலிமென்ட்டுக்குப் போகும். கை வலித்தாலும் பிரைமரால் அடித்து நிரப்புங்கள். கழற்றிய பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடாமல் அறுத்துப் பாருங்கள். செம்மண் நிறம் என்றால் டேங்கோ பைப்போ துருப்பிடிக்கிறது, ஃபில்டர் மாற்றிப் பயனில்லை.

இனி ஓவர்ஃப்ளோ வால்வு. என்னை அதிகமாக வருத்தப்பட வைத்த சாமான் இது. பார்க்கச் சாதாரண பேஞ்சோ போல்ட் மாதிரிதான் இருக்கும், உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு குண்டு. கேலரியில் ஒன்று, ஒன்றரை பார் அளவுக்கு அழுத்தம் ஏறிய பிறகே திறந்து மிச்சத்தைத் திருப்பி அனுப்பும். எத்தனை பார் என்பது பம்ப்புக்குப் பம்ப் மாறும், மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் தளர்ந்தாலோ, குண்டுக்கடியில் தூசி மாட்டினாலோ கேலரியில் அழுத்தம் நிற்காது. ஐட்லிங்கில் ஒன்றும் தெரியாது, லோடில் இழுக்காது.

ஒரு ஓனர், ஒரே ஒரு லாரி வைத்திருப்பவர், கடன் கட்டிக்கொண்டிருந்த வண்டி. ஒரு கடையில் பம்ப்பை இரண்டு தடவை கேலிபரேஷன் செய்து கொடுத்தார்கள். பம்ப் சோதிக்கும் டேபிளில் போட்டால் எல்லாக் கணக்கும் சரியாக வந்திருக்கிறது. வண்டியில் மாட்டினால் இழுக்கவில்லை. நான் ரிட்டர்ன் ரப்பர் ஹோஸை ரேஸில் இரண்டு விநாடி பிளையரால் லேசாக நசுக்கினேன். இன்ஜின் உடனே உயிர் வந்தாற்போல ஏறியது. கழற்றினால் வால்வு இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பிரிங்கும் குண்டும் இல்லாத வெறும் பேஞ்சோ போல்ட் மாட்டியிருந்தது. எங்கோ ஒரு கையில் இரண்டும் மாறிவிட்டது. வந்த டீசல் மொத்தமும் தடையில்லாமல் டேங்குக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அந்த மனிதர் ஷெட் வாசலில் குந்தி உட்கார்ந்து, போல்ட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுக்காண்ணா ரெண்டு மாசம்” என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. பம்ப்பை இறக்கும்போது எந்த போல்ட் எங்கிருந்து வந்தது என்று அந்தந்த இடத்திலேயே கையால் திருகி வையுங்கள், தட்டில் கொட்டாதீர்கள்.

ஏர் எடுப்பது, சிலிண்டர் வெட்டிப் பார்ப்பது

ஏர் எடுக்கும் வரிசையும் டீசல் வரும் வரிசைதான். முதலில் ஃபில்டர் தலையில் உள்ள ஸ்குரூ, அடுத்தது பம்ப் கேலரி ஸ்குரூ. தளர்த்தி, நுரை போய் முழு டீசலாக வரும்வரை பிரைமர் அடித்து, டீசல் வந்துகொண்டிருக்கும்போதே இறுக்குங்கள். அடிப்பதை நிறுத்திவிட்டு இறுக்கினால் காற்று திரும்பப் போய்விடும். அதிலும் பிடிக்காவிட்டால் இன்ஜெக்டர் யூனியன்களை (பைப்பை இன்ஜெக்டரோடு இணைக்கும் நட்டுகளை) அரைத் திருகு தளர்த்தி, செல்ஃபில் சுற்றி, டீசல் சொட்டியதும் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். செல்ஃபை ஒரே மூச்சில் 15 விநாடிக்கு மேல் அடிக்க வேண்டாம், ஆறவிட்டு அடியுங்கள்.

இன்ஜின் மிஸ்ஸிங் அடித்தால், அதாவது ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் விட்டுவிட்டு ஓடினால், எந்தச் சிலிண்டர் என்று பார்க்க வேண்டும். ஐட்லிங்கில் ஓடவிட்டு, முதல் யூனியனை அரைத் திருகு தளர்த்துங்கள். இன்ஜின் சத்தம் இறங்கித் தள்ளாடினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். எதைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ அது செத்த சிலிண்டர். உதாரணமாக 2-வது என்று வைத்துக்கொள்வோம். அதன் இன்ஜெக்டரைக் கழற்றி 5-வதில் போடுங்கள், 5-வதை 2-வதில் போடுங்கள். அடியில் உள்ள காப்பர் வாஷர் புதுசாக இருக்கட்டும். மிஸ்ஸிங் 5-க்குப் போய்விட்டால் இன்ஜெக்டர் கோளாறு, நாசில் மாற்றினால் போதும். 2-லேயே நின்றால் அந்த எலிமென்ட், டெலிவரி வால்வு, அல்லது சிலிண்டர் கம்ப்ரஷன்.

இந்த வேலையில் கையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் பாவி. இன்ஜெக்டர் திறக்கும் அழுத்தம் இந்த இன்ஜின்களில் 200 பார் சுமாருக்கு இருக்கும். கழற்றிய இன்ஜெக்டர் தெளிக்கிற இடத்தில் விரலை வைத்தால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். முதலில் எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும், ரத்தம்கூட வராது. சில மணி நேரத்தில் கை வீங்கி, விரலையே எடுக்க வேண்டி வரலாம். பட்டுவிட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது. நேராக ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கை அறுவை சிகிச்சைக்கென்றே அங்கே தனித் துறை இருக்கிறது. “டீசல் ஊசி மாதிரி உள்ளே போயிருக்கு” என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள், வெறும் காயம் என்று சொல்லிவிடாதீர்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு, யூனியன் மேல் துணியைச் சுற்றி வைத்துத் தளர்த்துங்கள். சூடான எக்ஸாஸ்ட் மேல் டீசல் சிந்தக் கூடாது, பக்கத்தில் பீடி கூடாது, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்திருக்க வேண்டும்.

எப்போது பம்ப்பை இறக்கலாம்

கேன் கட்டியும் சரியாகவில்லை, பிரைமர் கனம் ஏறுகிறது, ஓவர்ஃப்ளோ வால்வு நல்லது, இன்ஜெக்டர்களை டெஸ்ட் செய்தாயிற்று, கம்ப்ரஷன் இருக்கிறது, டர்போ வண்டியானால், டர்போ காற்றழுத்தத்துக்கு ஏற்ப டீசலைக் கூட்டும் பூஸ்ட் டயஃப்ரத்துக்குப் போகும் சின்ன பைப் உடையவில்லை. இத்தனையும் பார்த்த பிறகு இறக்குங்கள், நானும் சேர்ந்து பிடிக்கிறேன். இறக்கும் முன் முதல் சிலிண்டரை டைமிங் குறிக்குக் கொண்டுவந்து வையுங்கள். பைப் வாய்கள் எல்லாவற்றையும் உடனே மூடுங்கள். மூடி இல்லாவிட்டால் சுத்தமான பிளாஸ்டிக்கால் கட்டுங்கள், பனியன் வேஸ்ட்டைத் திணிக்காதீர்கள். ஒரு நூல் உள்ளே போனால் போதும்.

பம்ப் கடையில் “ரெடி பண்ணிக் குடு” என்று மட்டும் சொல்லாமல், என்னென்ன பார்த்தீர்கள் என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். ரப்பர் சீல்களையும் மாற்றச் சொல்லுங்கள். 2020 ஏப்ரல் 1 முதல் வரும் பிஎஸ் 6 டீசலில் சல்ஃபர் 10 பிபிஎம்தான். பழைய டீசலில் வருஷக்கணக்கில் ஊறி உப்பிய பழைய சீல்கள், சல்ஃபர் எடுத்த டீசலில் சுருங்கிக் கசிவதுண்டு. விட்டான் என்ற ரப்பர் வகையில் செய்த சீல் கேட்டு வாங்குங்கள். விலை குறைவு என்று கலப்பட எண்ணெயை ஊற்றும் வண்டியில் மட்டும் எந்தக் கடைக்காரரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. மண்ணெண்ணெய் கலந்த டீசலில் எலிமென்ட் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

வேலை முடிந்ததும் ஷெட்டில் ரேஸ் கொடுத்துப் பார்த்து அனுப்பிவிடக் கூடாது. நம் வடசென்னையில் மலையா இருக்கிறது, ஏற்றிப் பார்க்க? மேம்பாலம்தான். லோடோடு மூலக்கடை மேம்பாலத்தில் ஏற்றுவேன். பக்கத்தில் உட்கார்ந்து, எந்த கியரில் ஏறுகிறது, உச்சியில் புகை எப்படி இருக்கிறது என்று பார்ப்பேன். திரும்பி வந்து நான் கழற்றிய ஒவ்வொரு ஜாயின்ட்டையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்ப்பேன். அதோடு முடியவில்லை. உறிஞ்சுகிற பக்கம் மயிரிழை ஓட்டை மிச்சமிருந்தால் ராத்திரி முழுக்க டீசல் மெல்ல இறங்கி டேங்குக்கே போய்விடும், காலையில்தான் தெரியும். அதனால் வண்டியை ராத்திரி ஷெட்டிலேயே போடச் சொல்வேன். விடிந்ததும் பிரைமரைத் தொடாமல் சாவியைத் திருப்பி, முதல் செல்ஃபில் பிடித்தால்தான் பில் எழுதுவேன்.